மெதடிஸ்ட் ஆலயத்தை எதை வைத்து அடையாளம் காண்பது?

கேள்வி கேட்டவர் மூன்று கட்டடங்களின் படங்களைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். முதலாவது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிடங்கைப் போல எளிமையாக நிற்கும் பழைய கட்டடம். இரண்டாவது, கூர்வளைவுகளும் ஊசிக்கோபுரமுமாக எழுந்த விக்டோரியா காலத்து ஆலயம். மூன்றாவது, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பெரிய குவிமாடத்தோடு நாடக அரங்கு போலத் தெரிவது. மூன்றும் மெதடிஸ்ட் சபையுடையவை என்றால் அந்தச் சபைக்கென்று ஒரு கட்டடக்கலை இருக்கிறதா, இல்லை அந்தந்தக் காலத்து மோஸ்தரைப் பின்பற்றினார்களா என்று கேட்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கட்டிய லண்டன் ஆலயத்தின் தூண்கள் கப்பலின் பாய்மரங்கள் என்று ஒருவர் சொன்னாராம், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார்.

அவர் உண்மையில் தேடுவது இந்தக் கட்டடங்களை ஒன்றாக இணைக்கும் எண்ணத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய கட்டடங்களை அளந்து, வரைபடம் எடுத்து, பழுது பார்க்கும் தொழிலில் நெடுநாள் இருக்கிறேன். வழிபாட்டுக் கட்டடம் எதுவானாலும் உள்ளே போனதும் மூன்று விஷயங்களைத்தான் முதலில் பார்ப்பேன்: யார் எங்கே நிற்கிறார், யார் எங்கே உட்கார்கிறார், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது. முகப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெதடிஸ்ட் ஆலயங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம் மிகவும் உதவும். அவற்றின் முகப்பு ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்தது. உள்ளே இருந்த ஏற்பாடு அத்தனை எளிதில் மாறவில்லை.

வெஸ்லி தனிச் சபை தொடங்கவோ ஆலயம் கட்டவோ புறப்பட்டவர் அல்லர். அவர் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு, 1791இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். கேட்க வந்தவர்கள் கூடிப் பேசவும் ஜெபிக்கவும் ஓர் இடம் தேவைப்பட்டது. மே 12ஆம் தேதி அங்கே அடிக்கல் நாட்டினார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயரே ‘புதிய அறை’ என்பதுதான். அதை ஆலயம் என்று சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கும் அவரவர் ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குப் போகவேண்டும் என்பதே வெஸ்லியின் எதிர்பார்ப்பு. அதனால் அவர் கட்டியவற்றுக்குப் பொதுப்பெயர் ‘பிரசங்க வீடு’. இந்தச் சொல்லில்தான் கட்டடக்கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. பவனி வர நீண்ட நடைபாதை வேண்டாம், ஆழமான பீடப்பகுதி வேண்டாம், மணிக்கூண்டு வேண்டாம். ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்க வேண்டும், அவர் முகம் எல்லாருக்கும் தெரிய வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும்.

அந்தப் புதிய அறை இன்றும் இருக்கிறது. 1748இல் பெரிதாக்கப்பட்ட வடிவத்தைத்தான் இப்போது பார்க்கிறோம். உலகில் மிஞ்சியிருக்கும் மெதடிஸ்ட் கட்டடங்களில் மிகப் பழையது அதுவே. கீழே கூட்ட அறை, மேலே ஊர் ஊராகச் சுற்றும் பிரசங்கிகள் தங்கும் அறைகள். கூரையில் உள்ள எண்கோணக் கூண்டு வழியாக வரும் வெளிச்சம் மாடியையும் ஊடுருவிக் கீழே கூடத்தில் விழுகிறது. மாடியிலிருந்து கீழே நடப்பதைப் பார்க்க உள்பக்கமாகவே ஒரு ஜன்னலும் உண்டு. தரைமட்டத்தில் ஏன் ஜன்னல்கள் இவ்வளவு குறைவு என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அக்காலத்து ஜன்னல் வரியைத் தவிர்க்க என்பது ஒன்று, கல்லெறியும் கும்பலுக்கு அஞ்சி என்பது மற்றொன்று. ஆரம்பகால மெதடிஸ்டுகளைக் கும்பல்கள் தாக்கியது வரலாற்றில் நன்கு பதிவானது. அதனால் இரண்டாவது காரணத்தையே நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே கூரையின் கீழ் பிரசங்கக் கூடம், தங்குமிடம், ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் இடம், பள்ளி எல்லாம் இயங்கின என்பது இன்னும் முக்கியம். மெதடிஸ்ட் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் இடமாகத் தொடங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மூன்றாவது படத்துக்கு வரும்போது வியப்பு குறையும்.

வெஸ்லி தம் பிரசங்கிகளோடு ஆண்டுதோறும் நடத்திய மாநாடுகளின் குறிப்புகளில் கட்டுமான விதிகளே இருக்கின்றன. ஒரு சமயத் தலைவர் கூரையின் சரிவு வரைக்கும் கட்டளையிட்டதை வேறெங்கும் நான் இவ்வளவு விவரமாகக் கண்டதில்லை. இடம் அனுமதித்தால் எண்கோணமாகக் கட்டுங்கள், குரலுக்கு அதுவே சிறந்தது என்கிறது ஒரு விதி. கூரை, கட்டடத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரக் கூடாது. ஜன்னல்கள் போதுமான அளவுக்கு, மேலிருந்து கீழே இறக்கித் திறப்பவையாக இருக்கவேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்காரவேண்டும். குடும்பத்துக்கென்று அடைத்த இருக்கைகள் கூடாது, பெஞ்சுகளுக்கு முதுகுச் சாய்வும் கூடாது. பீப்பாய் வடிவப் பிரசங்கபீடம் வேண்டாம், முன்னோக்கி நீண்ட சதுர மேடையும் அதன் பின்னால் நீளமான இருக்கையும் போதும்.

இந்த விதிகளுக்கு நடுவே ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை மெதடிஸ்ட் கட்டடக்கலையின் உயிரே அதுதான். எல்லாப் பிரசங்க வீடுகளும் எளிமையாகவும் ஒழுங்காகவும் இருக்கட்டும், தவிர்க்கவே முடியாத அளவுக்கு மேல் செலவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்குக் காரணமும் தருகிறார். பணம் திரட்ட வேண்டி வந்தால் பணக்காரர்கள் நமக்குத் தேவைப்படுவார்கள். தேவைப்பட்டால் அவர்களைச் சார்ந்திருப்போம், பிறகு அவர்களே நம்மை ஆளுவார்கள். எளிமை பக்திக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. கல்லும் சுண்ணாம்பும் சபையின் அதிகாரத்தை யார் கையில் ஒப்படைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் நிறைந்த ஒரு கூட்டம் தன் கூரையைத் தன் காசிலேயே போட்டுக்கொள்ள முடிந்தால்தான் அது தன்னுடைய குரலில் பேசும் என்பது அந்தக் கணக்கு. பிற்காலத்தில் இந்த விதியை மீறாத ஊர் மிகக் குறைவு. ஆனாலும் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் எவ்வளவு தொலைவு பார்த்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோகிறேன்.

எண்கோணம் எங்கிருந்து வந்தது? 1757இல் நார்விச் நகரில் பிரஸ்பிட்டேரியன் சபையார் அப்போதுதான் கட்டி முடித்திருந்த எண்கோண ஆலயத்தை வெஸ்லி பார்த்தார். அதை வடிவமைத்தவர் தாமஸ் ஐவரி. ஐரோப்பாவிலேயே மிக நேர்த்தியானது இதுவாக இருக்கலாம் என்று நாட்குறிப்பில் எழுதினார். கூடவே, இவ்வளவு பகட்டான இடத்தில் பழைய கரடுமுரடான சுவிசேஷம் நுழையுமா என்ற கவலையையும் எழுதி வைத்தார். பகட்டை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். 1761இல் ராதர்ஹாம், அடுத்து யார்ம், 1764இல் யார்க்‌ஷர் மலையிலுள்ள ஹெப்டன்ஸ்டால், 1772இல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் என்று எண்கோணங்கள் எழுந்தன.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். தூண் வரிசைகளோடு நீண்டு கிடக்கும் கூடத்தில் கடைசி வரிசைக்காரருக்குக் குரல் எதிரொலியாகத்தான் போய்ச் சேரும். எண்கோணத்தில் பேசுகிறவரிடமிருந்து யாரும் வெகுதூரம் போய்விட முடியாது, குறுக்கே நிற்கும் தூணும் இல்லை. சிக்கனத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே பரப்பளவை வளைக்க நீள்சதுரத்தைவிட எண்கோணத்துக்குக் குறைவான சுவர் போதும். ஆனால் அதற்குள்ள குறை பழுது பார்க்கிறவனுக்கு உடனே தெரியும். சபை வளர்ந்தால் எண்கோணத்தை நீட்டுவது கடினம். நீள்சதுரமாக இருந்தால் ஒரு பக்கச் சுவரை இடித்து நீட்டிக்கொள்ளலாம். ஹெப்டன்ஸ்டாலில் 1802இல் அதையே செய்யப்போய், இன்று அது இழுத்து நீட்டிய எண்கோணமாக நிற்கிறது. வெஸ்லிக்குப் பிறகு எண்கோணம் மறைந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஹெப்டன்ஸ்டாலின் கூரைச் சட்டங்களை ராதர்ஹாமில் செய்து பொதிகுதிரைகளின் முதுகில் மலைமேல் ஏற்றினார்கள் என்றும் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் செவிவழி மரபாக மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குரலுக்கான வடிவத்தை அதன் தூய நிலையில் பார்க்கவேண்டுமென்றால் கட்டடமே இல்லாத ஓரிடத்துக்குப் போகவேண்டும். கார்ன்வாலில் க்வென்னப் என்ற ஊரில் நிலம் குழிந்த ஒரு பள்ளம் இருக்கிறது. சுரங்க வேலையால் மண் உள்வாங்கி அது உண்டானது என்று கருதப்படுகிறது. 1762 முதல் 1789 வரை வெஸ்லி அங்கே 18 முறை பிரசங்கித்தார். அவர் இறந்தபின் 1806இல் உள்ளூர் மக்கள் அந்தப் பள்ளத்தை வட்ட வட்டமான புல் படிகளாக வெட்டிச் சீராக்கினார்கள். படிகளில் ஜனங்கள், நடுவில் ஒரு குரல். இதன்மேல் சுவரும் கூரையும் வைத்தால் கிடைப்பதுதான் பிரசங்க வீடு.

வெஸ்லியின் மறைவுக்குப் பின் 1795இல் ஒரு மாற்றம் வந்தது. அந்த ஆண்டு மாநாட்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மெதடிஸ்டுகள் தங்கள் இடங்களிலேயே திருவிருந்து நடத்த நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. பிரசங்க வீடு ஆலயமாக மாறத் தொடங்கியது அப்போதுதான். திருவிருந்து மேசையும் அதைச் சுற்றி முழங்காலிடும் கம்பித் தடுப்பும் நிலையான இடம் பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் எழுந்த, சேப்பல் என்று அழைக்கப்பட்ட பெரிய ஆலயங்களில் முக்கோண நெற்றியோடு கிரேக்கபாணி முகப்பு, உள்ளே மூன்று அல்லது நான்கு பக்கமும் சுற்றி வரும் மேல்மாடம், நடுவில் உயர்ந்த பீடம், அதன் பின்னால் ஆர்கன் என்று ஓர் ஒழுங்கு உருவானது. இருக்கைக்கு வாடகை வாங்கும் வழக்கமும் பரவியது. அடைத்த இருக்கை கூடாது என்ற விதி கைவிடப்பட்டது, காசு கொடுக்க முடியாதவர்களுக்கு இலவச பெஞ்சுகள் தனியே ஒதுக்கப்பட்டன. இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதே காலத்தில் சபை பலவாகப் பிரிந்தது. 1797இல் ‘புதிய இணைப்பு’ என்ற பிரிவு, 1807இல் மௌ காப் குன்றில் நடந்த திறந்தவெளிக் கூட்டத்திலிருந்து வளர்ந்த ஆதி மெதடிஸ்டுகள், 1815இல் வேதாகமக் கிறிஸ்தவர்கள் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று சேப்பல் கட்டியது. இங்கிலாந்தின் ஒரு சிறு கிராமத்தில் இரண்டு மூன்று மெதடிஸ்ட் கட்டடங்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே. 1932இல் பெரும் பிரிவுகள் ஒன்றுசேர்ந்தபோது அவற்றில் பல தேவையற்றுப்போய் மூடப்பட்டன. வீடாகவும் கிடங்காகவும் மாறிய சேப்பல்களின் நெற்றியில் பெயரும் ஆண்டும் பொறித்த கல் இன்றும் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். மெதடிஸ்டா என்பதை உறுதிப்படுத்த அந்தக் கல்லைப் போல வேறெதுவும் உதவாது. நடுவில் பீடமும் சுற்றிலும் மேல்மாடமும் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யமுடியாது. பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் சபையாரும் அதே அமைப்பில்தான் கட்டினார்கள். வெறும் புகைப்படத்தைக் காட்டி யாராவது கேட்டால் நானும் தயங்குவேன்.

இரண்டாவது படத்தில் கூர்வளைவுகளாகத் தெரியும் கோதிக் பாணிக்கு வருவோம். ஃபிரெட்ரிக் ஜாப்சன் என்ற மெதடிஸ்ட் போதகர் கட்டடக்கலை பயின்றவர். சேப்பல், பள்ளிக் கட்டடங்களைப் பற்றி 1850இல் ஒரு நூல் வெளியிட்டார். தெய்வத்தின் வீடு பார்த்த மாத்திரத்தில் அப்படித் தெரிய வேண்டும், கச்சேரி மண்டபத்தையோ கிடங்கையோ நினைவூட்டக் கூடாது என்பது அவர் வாதம். கோதிக் பாணி கிரேக்க முகப்பைவிடச் சிக்கனமானது என்றும் சொன்னார். அவர் வாதத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிடங்கில் கூடியவர்களுக்கு அழகான ஓரிடம் வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. ஆனால் கோதிக்கோடு சேர்ந்து தூண்களும் ஆழமான பீடப்பகுதியும் உள்ளே வந்தன. பிரசங்கபீடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்த இடங்களில் கட்டடம் தன் பழைய நோக்கத்தை விட்டுக்கொடுத்தது. பலர் அந்த அளவுக்குப் போகவில்லை. வெளியே கூர்வளைவு, உள்ளே பழைய மேல்மாடமும் நடுப்பீடமும் என்று கட்டினார்கள். உங்கள் படத்திலுள்ள ஆலயம் எந்த வகை என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

மூன்றாவது படம் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹால். 1880களில் தொழில் நகரங்களின் நடுப்பகுதியிலிருந்து வசதியானவர்கள் புறநகருக்குப் போய்விட, பழைய சேப்பல்கள் காலியாயின. அங்கேயே தங்கிய ஏழைகளுக்கு ஆலயம் என்றாலே கூச்சம். அதனால் ஆலயமாகத் தோன்றாத ஆலயம் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். மான்செஸ்டரில் 1886இல் தொடங்கிய இந்த வகையில் இசை அரங்கு போன்ற இருக்கைகள், மேடை, கூட்ட அறைகள் இருந்தன. பல இடங்களில் வாடகை வருமானத்துக்காகத் தெருவைப் பார்த்த கடைகளும் இருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் கட்டடம் 1912இல் திறக்கப்பட்டது. லான்செஸ்டரும் ரிக்கர்ட்ஸும் அதன் வடிவமைப்பாளர்கள். ஆளுக்கு ஒரு கினி (பழைய ஆங்கிலேய நாணய மதிப்பு) வீதம் பத்து லட்சம் பேரிடம் திரட்டுவது என்று தொடங்கிய நிதியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. பெரும்பணக்காரர்களைச் சாராமல் கட்டுவது என்ற பழைய விதி பிரம்மாண்டமான அளவில் திரும்ப வந்ததாக இதை நான் பார்க்கிறேன். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1946 ஜனவரியில் முதன்முதலாகக் கூடியது இந்தக் கட்டடத்தில்தான். ஒருவர் பேச ஆயிரக்கணக்கானோர் கேட்பதற்கென்று கட்டிய இடம் அதற்குப் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்கக் கிளையைப் பற்றியும் கொஞ்சம். டெலவேரில் 1780இல் கட்டிய பாரட் சேப்பல் எளிய செங்கல் கட்டடம். ஃபிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயம், வேறொரு சபையார் முடிக்காமல் விட்ட கட்டடத்தை 1769இல் வாங்கியது. இந்த ஆலயத்தின் மேல்மாடத்தில் ஒரு வேதனையான வரலாறு இருக்கிறது. கறுப்பின மக்களை அங்கே ஒதுக்கி உட்காரச் சொன்னார்கள். ஜெபத்தில் முழங்காலிட்டிருந்த அப்சலோம் ஜோன்ஸை இழுத்து எழுப்ப முயன்றபோது அவரும் கறுப்பினப் பிரசங்கி ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் வெளியேறினார்கள். சம்பவம் உறுதியானது. ஆண்டுதான் விவாதத்தில் இருக்கிறது. 1787 என்று ஆலன் எழுதியிருக்கிறார். மேல்மாடம் கட்டி முடிந்ததே 1792இல் என்று ஆலயக் கணக்குகள் காட்டுவதால் பின்னதையே ஏற்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஒரு கட்டடக் கணக்கு வரலாற்றுத் தேதியையே அசைப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆலன் தம் மக்களுக்கு வாங்கிய நிலத்துக்கு ஒரு கொல்லன் பட்டறையை நகர்த்திக் கொண்டுவந்து 1794இல் ஆலயமாக்கினார். அதே நிலத்தில் அன்னை பெத்தேல் ஆலயம் இன்றும் நிற்கிறது.

ஒஹாயோவின் ஆக்ரன் நகரில், விவசாய இயந்திரங்கள் செய்த லூயிஸ் மில்லர் ஞாயிறு பள்ளிக்காக ஒரு கட்டடத்தை உருவாக்கினார். 1870இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. நடுவில் பெரிய கூடம், அதைச் சுற்றி இரண்டு தளங்களில் வகுப்பறைகள். கதவுகளைத் திறந்தால் எல்லாரும் ஒரே சபை, மூடினால் தனித்தனி வகுப்புகள். அமெரிக்கா முழுவதும் பல சபையார் இதைப் பின்பற்றினார்கள். எல்லா வயதினருக்கும் ஒரே பாடம் என்ற முறை மாறி வயதுக்கேற்ற பாடங்கள் வந்ததும் இந்த அமைப்பு வழக்கொழிந்தது. 1929இல் டல்சா நகரில் முடிந்த பாஸ்டன் அவென்யூ ஆலயம் ஆர்ட் டெகோ என்ற அக்கால நவீனப் பாணியில் உயர்ந்த கோபுரத்தோடு நிற்கிறது. அதை வடிவமைத்தது ஓவிய ஆசிரியை அடா ராபின்சனா, அவருடைய முன்னாள் மாணவரான கட்டடக் கலைஞர் புரூஸ் கோஃபா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. யார் பக்கம் நியாயம் இருந்தாலும், உள்ளே சபையார் உட்காருவது பேசுகிறவரைச் சுற்றி அரைவட்டமாகத்தான்.

கடைசியாகப் பாய்மரங்கள். லண்டன் சிட்டி ரோட்டிலுள்ள வெஸ்லி சேப்பலுக்கு 1777 ஏப்ரலில் அடிக்கல் நாட்டி 1778 நவம்பர் 1ஆம் தேதி திறந்தார்கள். கட்டியவர் சாமுவேல் டூத். வடிவமைத்தவர் இளைய ஜார்ஜ் டான்ஸ் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. மேல்மாடத்தைத் தாங்கிய முதல் தூண்கள் கப்பல் பாய்மரங்கள் என்பது உண்மைதான். டெப்ட்ஃபோர்ட் கப்பல்தளத்திலிருந்து வந்தவை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரே அவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதைச் சபையார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பகுதியைத் தனியே பிரித்து, மரபு என்று சொல்வது நல்லது. இன்று நீங்கள் அங்கே போனால் அந்த மரங்கள் மேல்மாடத்தைத் தாங்கி நிற்பதைப் பார்க்கமாட்டீர்கள். வெஸ்லி மறைந்த நூற்றாண்டின் நினைவாக 1891இல் அவற்றை எடுத்துவிட்டு, கடல்கடந்த நாடுகளின் மெதடிஸ்ட் சபைகள் அனுப்பிய பளபளப்பான கல்தூண்களை நிறுத்தினார்கள். அன்போடு கொடுத்தவை, அழகானவை. ஆனால் திறப்புநாளன்று வெஸ்லி தம் நாட்குறிப்பில், கட்டடம் மிகச் சுத்தமாக இருக்கிறது, பகட்டாக இல்லை என்று மனநிறைவோடு எழுதியபோது அவர் கண்முன் நின்றவை அந்தப் பாய்மரங்களே.